நாள் தெரிந்தவன்

அந்த நாளில் மாண்ட்ரியாலில் இருந்த தமிழ்க் குடும்பங்களை எல்லாம் ஒரே கூடத்தில் உட்காரவைத்துவிடலாம். உட்காரவும் வைத்தார்கள். மாதத்தில் ஒரு சனிக்கிழமை, நகரத்துக்கு வெளியே பியர்ஃபோன்ட்ஸில் டாக்டர் வீட்டம்மா ரமாவின் வீட்டில் ஆளுக்கொரு பாத்திரத்தோடு கூடுவோம். கறிவேப்பிலை இல்லாத சாம்பாரைச் சாப்பிட்டுக்கொண்டு யார் வீட்டுப் பையன் எந்தப் பள்ளிக்கூடம், யார் எங்கே வீடு பார்க்கிறார்கள் என்று பேசுவோம். வாய் கேட்பது ஒன்று, மனசு போடுகிற கணக்கு வேறொன்று. நானும் அந்தக் கணக்கு போடுகிறவள்தான், யோக்கியம் பேச வரவில்லை.

கமலினி அந்தக் கூட்டத்தில் ஒட்டாதவள். காரைக்காலில் பிறந்து பிரெஞ்சில் படித்தவள். இங்கே மலைச்சரிவில் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ். கியூபெக்காரர்களோடு அவர்கள் பாஷையில் வாயாடுவதைப் பார்த்து எங்களுக்கெல்லாம் பொறாமை. புருஷன் ரகுநாதன் ஒரு பெரிய கம்பெனியில் எஞ்சினியர், தஞ்சாவூர்க்காரர், பயந்த சுபாவம். கோட்-டெ-நெய்ஜில் நாங்கள் இருந்த கட்டடத்திலேயே எங்களுக்கு மேல் மாடியில் அவர்கள் வீடு. என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள்.

அவளுக்கு ஒரே தம்பி, நாகசுப்பிரமணியன். வீட்டில் நாகு. பதினெட்டு வயதில் சித்தப்பாவோடு சைகோன் போனவன், சித்தப்பா காலமான பிறகும் அங்கேயே தங்கிவிட்டான். "மச்சினருக்கு சைகோன்ல பிசினஸ்" என்று ரகுநாதன் சொல்வார். நாங்களும் ஓகோ என்று கேட்டுக்கொள்வோம்.

அறுபத்தெட்டு கோடையில் சைகோன் முருகன் கோயில் கணக்குப்பிள்ளையிடமிருந்து சேதி வந்தது. மே மாதம் வாய்க்காலுக்குத் தெற்கே பெரிய சண்டை நடந்ததாம். சனங்கள் எல்லாம் பாலம் தாண்டி ஓடிவிட்டார்களாம். நாகு மட்டும் போகவில்லையாம். கடையை விட்டுப் போக மனசில்லாமல் தங்கிவிட்டார் என்று ரகுநாதன் எங்களிடம் சொன்னார். சனங்கள் திரும்பி வந்தபோது நெஞ்சில் குண்டுபட்டுக் கிடந்திருக்கிறான். பார்க்க முடியாத நிலை, அங்கேயே புதைத்துவிட்டார்கள். அமெரிக்கச் சிப்பாய்கள்தான் எதிர்க்கரையில் இருந்தார்கள் என்றார்கள். கமலினி அமெரிக்கத் தூதரகத்துக்கு எழுதிக் கேட்டாள். அந்தப் பக்கம் எதிரிகள் நடமாட்டம் இருந்தது, இந்தியர் யாரும் இறந்ததாகத் தகவல் இல்லை என்று இரண்டே வரியில் முடித்துவிட்டார்கள்.

காரைக்காலில் அப்பா படுத்த படுக்கையானார். கல்யாணம் ஆகாத பிள்ளை, பெற்றவரே திதி கொடுக்க வேண்டிய கொடுமை. அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: என் பிள்ளை போன நாள் எது?

ரமா வீட்டில் இதற்கு உடனே வழி சொன்னார்கள்.

"நாள் தெரியலேன்னா அமாவாசைல பண்ணிடலாம் கமலினி. சாஸ்திரமே எடம் குடுக்கறது" என்றாள் ரமா.

"நாள் யாருக்கும் தெரியலேன்னாதானேக்கா அமாவாசை?"

"ஆமா."

"சுட்டவனுக்குத் தெரியும்ல?"

ரகுநாதன் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தார்.

"அவன் எங்கயோ உசுரோட சோறு தின்னுக்கிட்டிருக்கான். அவன்கிட்ட கேக்காம நம்மளா ஒரு நாளக் குறிச்சா, நாகு தானா செத்தான்னு ஆயிடும். அமாவாசை வேணாம். அப்பாவுக்கும் எழுதிட்டேன்."

அதோடு திதி நின்றுபோனது. பெற்றவரையே பிள்ளைக்கு வருஷக் காரியம் செய்ய விடாதவள் என்று அவள் காதுபடவே பேசினார்கள். ரகுநாதன் கெஞ்சிப் பார்த்தார், கோபித்துப் பார்த்தார். அவள் பிடித்த பிடியை விடவில்லை.

எழுபதாம் வருஷம் அக்டோபரில் மாண்ட்ரியால் தெருவிலேயே சிப்பாய்கள் வந்து நின்றார்கள். யாரையோ கடத்திவிட்டார்கள், அவசரச் சட்டம் என்றார்கள். போலீஸ் கதவைத் தட்டினால் வாரண்டுக் காகிதம் கேட்கவும் முடியாது. நானும் கமலினியும் பஸ்ஸுக்குப் போகிற வழியில், பெரிய மனிதர் ஒருவர் வீட்டு வாசலில் ஒரு சிப்பாய் துப்பாக்கியோடு நின்றான். மீசை இன்னும் சரியாக முளைக்கவில்லை. மூக்கு குளிரில் சிவந்து ஒழுகிக்கொண்டிருந்தது. நான் தலையைக் குனிந்து நடையை எட்டிப் போட்டேன். திரும்பிப் பார்த்தால் கமலினி அவன் முன்னால் போய் நிற்கிறாள். பிரெஞ்சில் என்னவோ கேட்டாள். அவன் திருதிருவென்று விழித்தான். பிறகு "சிர்குலே, மதாம், சிர்குலே" என்றான். நகர்ந்து போங்கள் அம்மா என்று அர்த்தம்.

"அடி பாவி, என்னடி கேட்டே அவன்கிட்ட?"

"நீ யாரையாவது சுட்டா அத யார்கிட்ட போயி சொல்லணும்னு கேட்டேன்."

"என்ன சொன்னான்?"

"தெரியலன்னுட்டான். அத அவனுக்கு யாரும் சொல்லித்தரலயாம்."

பஸ் வந்து ஏறி உட்கார்ந்த பிறகும் அவள் ஜன்னல் வழியாக அவனையே பார்த்துக்கொண்டு வந்தாள். சுட்டவனைத் தானே தேடிப் பிடிப்பதென்று ஆஸ்பத்திரி நிறுத்தம் வருவதற்குள் முடிவு செய்துவிட்டாள்.

வியட்நாம் சண்டையிலிருந்து ஓடிவந்த அமெரிக்கப் பையன்கள் அப்போது மாண்ட்ரியாலில் நிறையப் பேர் இருந்தார்கள். செயின்ட் லாரன் தெருப் பக்கம் ஒரு பழைய வீட்டில் பத்துப் பதினைந்து பேர் தரையில் படுத்துக் கிடந்தார்கள். கமலினியின் ஆஸ்பத்திரியிலேயே ஒருத்தன் கட்டில் தள்ளுகிற வேலையில் இருந்தான். வெய்ன் என்று பெயர். எல்லைக்கு அந்தப் பக்கம் வெர்மான்ட்தான் சொந்த ஊர், காரில் போனால் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போய்விடலாம். போனால் ஜெயில். பிரெஞ்சு ஒரு வார்த்தை தெரியாது. கிழவிகள் "தண்ணி, தண்ணி" என்று கத்தினால் போர்வையைக் கொண்டுவந்து போடுவான். கமலினிதான் அவனுக்கு மொழிபெயர்ப்பாள். அவனைப் பிடித்து அந்த வீட்டுக்கு வழி கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒரு பெரிய அண்டா எலுமிச்சஞ்சோறும் ஒரு அண்டா தயிர்ச்சோறும் அவள் அடுப்பில் தயாராகும். துணைக்கு நான். பனியில் சறுக்கிக்கொண்டு பஸ்ஸும் மெட்ரோவும் மாறிப் போவோம். அந்தப் பையன்கள் எலுமிச்சஞ்சோற்றைப் பறக்காவெட்டியாகச் சாப்பிடுவார்கள், தயிர்ச்சோற்றைத்தான் சந்தேகமாகப் பார்ப்பார்கள். சாப்பிட்டு முடிக்கும்வரை ஒன்றும் கேட்கமாட்டாள். முடிந்ததும் புதிதாக வந்த முகம் ஒவ்வொன்றிடமும் ஒரே கேள்வி: "அறுபத்தெட்டு மே மாசம் சைகோனுக்குத் தெற்கே, வாய்க்கால் பக்கம் யாராவது இருந்தீங்களா? ஒரு இந்திய பிசினஸ்மேன் செத்தது ஞாபகம் இருக்கா?" இல்லை மேடம் என்பார்கள். அடுத்த ஞாயிறு மறுபடி அரிசி களைவாள். வெய்ன் அண்டாவைத் தூக்க வருவான். அவனும் இல்லை என்றுதான் சொல்லியிருந்தான்.

ரகுநாதனுக்குத் தூக்கம் போயிற்று. ஒருநாள் என் முன்னாலேயே வெடித்தார்.

"போலீஸ்காரன் வந்து கதவைத் தட்டினா என்ன சொல்லப்போறே? ஓடிவந்த பசங்களுக்குச் சோறு போடறேன்னா? எங்க கம்பெனிக்குப் பாதி வேலை அமெரிக்காலேருந்து வருது, தெரியுமா?"

"தெரியுங்க."

"நாகு திரும்பி வரப்போறானா?"

"நாகு வரமாட்டான். ஆனா தகவல் இல்லைன்னு எழுதினான் பாருங்க, அவன் அத மாத்தி எழுதணும்."

"யாரு, அமெரிக்காக்காரனா? உனக்காகவா?"

"எனக்காக எதுக்கு? செத்தவனுக்காக."

அவர் கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். அவள் கடுகைத் தாளித்துக் கொட்டினாள். எனக்கு அவர்மேல்தான் இரக்கமாக இருந்தது. பயப்படுகிறவனுக்கும் வீட்டில் ஒரு இடம் வேண்டுமே.

மாசி மாதம் இருக்கும், வெளியே கொட்டு கொட்டென்று பனி. அன்றைக்கும் ஞாயிறுதான். வெய்ன் அண்டா தூக்க வந்து சமையலறை வாசலில் நின்றான். ரகுநாதன் கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். தெருமுனைத் தெப்பனர் கடையில் வாங்கிய பாலைக் கமலினி காய்ச்சிக்கொண்டிருந்தாள். எவ்வளவு காய்ச்சினாலும் ஆடை கட்டவில்லை. அலுத்துப்போய்க் கரண்டியை வைத்தாள்.

"இதுவும் ஒரு பாலாக்கா? நாகு கறக்கற பால்ல வெரலு விட்டா வெரல்ல ஒட்டும்" என்று என்னிடம் தமிழில் சொன்னவள், வாசலில் நின்றவனும் பேச்சில் சேரட்டுமே என்று அதையே ஆங்கிலத்திலும் சொன்னாள். "என் தம்பி சைகோன்ல பசுமாடு வெச்சிருந்தான்."

கூடத்தில் பேப்பர் சரசரத்தது. "கமலினி!" என்றார் ரகுநாதன்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. பிசினஸும் இல்லை, கடையும் இல்லை. நாகு பால்காரன். மாடு வைத்துக் கறந்து, சைகோன் வீடுகளுக்குச் சைக்கிளில் பால் ஊற்றியவன். டாக்டர்களும் புரொபசர்களும் கூடுகிற இடத்தில் மச்சினன் பால்காரன் என்று சொல்ல ரகுநாதனுக்கு நா எழவில்லை. புருஷன் மானம் போகக்கூடாதென்று இவளும் பிசினஸ்மேன் பிசினஸ்மேன் என்றே ஊரெல்லாம் தேடியிருக்கிறாள். இத்தனைக்கும் அதைக் கேட்டு மெச்சிக்கொள்ள உட்கார்ந்திருந்தது நாங்கள்தான். கோட்டும் சூட்டுமாக ஒருத்தன் செத்ததை எந்தச் சிப்பாய்க்கு ஞாபகம் இருக்கும்?

வெய்ன் முகத்தில் இரத்தமே இல்லை.

"அதுல ஒண்ணுக்கு ஒத்தைக் கொம்பா?" என்று கேட்டான். அவன் பேசியது ஆங்கிலம். நான் நம் பேச்சில் எழுதுகிறேன்.

கமலினி ஆமென்று தலையசைத்து அடுப்பை அணைத்தாள். "உக்காரு" என்றாள்.

அவன் உட்காரவில்லை. கதவுநிலையைப் பிடித்துக்கொண்டே சொன்னான். வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் இடிந்த சுவருக்குப் பின்னால் அவர்கள் இருந்தார்கள். விடிவதற்கு முன்னால் எதிர்க்கரையில் எது அசைந்தாலும் சுடு என்று லெப்டினென்ட் சொல்லியிருந்தான். இருட்டு பிரிகிற நேரத்தில் வெள்ளையாக ஒரு உருவம் வந்தது. கையில் வாளி. லெப்டினென்ட் ம் என்றான். ஒருத்தன் சுட்டான். வெளிச்சம் வந்த பிறகு போய்ப் பார்த்தார்கள். இடுப்பில் வெள்ளை வேட்டி, நெற்றியில் சாம்பல் பூசியிருந்தது. வியட்நாம்காரன் இல்லை. பரவாயில்லை, எதிரி கணக்கில் சேர் என்றான் லெப்டினென்ட்.

"அப்புறம் மாடு கத்த ஆரம்பிச்சுது. நானும் மாட்டுக்காரன் வீட்டுப் பிள்ளைதான். கறக்காத மாடு எப்படிக் கத்தும்னு எனக்குத் தெரியும். பகல் பூரா கத்துச்சு. என்னால தாங்க முடியலை. சாயங்காலம் காவலை விட்டுட்டுப் போய்க் கறந்துவிட்டேன். எல்லாத்தையும். தரையிலயே. மறுநாளும் போனேன்."

"அவன் அங்கதான் கெடந்தானா?"

"ஆமா."

"மூடினியா?"

அவன் குனிந்து தரையைப் பார்த்தான்.

"மாட்டக் கறந்தே. அவன் மேல ஒரு துணி போடல."

எனக்கு அவள் அவனை அறைந்துவிடுவாள் என்று பயமாக இருந்தது. அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"எந்த நாளு?"

"ஞாயிற்றுக்கிழமை. அன்னிக்கு எங்க ஊர்ல அம்மாக்களுக்கான நாள். வீட்டுக்குப் போட கார்டு குடுத்தாங்க. நான் எழுதலை."

ரகுநாதன் எப்போது எழுந்து வந்தாரோ, சமையலறை வாசலில் நின்றார். உள்ளே போனார். அறுபத்தெட்டின் கீலக வருஷப் பஞ்சாங்கத்தோடு வந்து, விரலை வைத்துத் தேடினார். மே மாதம் பன்னிரண்டாம் தேதி.

"பௌர்ணமி" என்றார். "சித்திரை மாசப் பௌர்ணமி, கமலி. நாம அமாவாசைன்னோமே."

வெய்ன் போன பிறகு அவள் சுவரோரமாக உட்கார்ந்து அழுதாள். மூன்று வருஷ அழுகை. ரகுநாதன் பக்கத்தில் உட்கார்ந்து, "தப்பு என்னுதுதான். பால்காரன்னு சொல்லியிருந்தா என்னைக்கோ தெரிஞ்சிருக்கும்" என்றார். அவள் அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாளே தவிர, இல்லை என்று சொல்லவில்லை.

நாள் கிடைத்துவிட்டது, இனி ஓய்ந்துவிடுவாள் என்று நினைத்தேன். அவளைப் பற்றி எனக்கு என்ன தெரியும்! சித்திரையில் ஒரு தேவாலயத்தின் கீழ்க்கூடத்தில் கூட்டம் ஏற்பாடாகியிருந்தது. ஓடிவந்த சிப்பாய்கள் தாங்கள் கண்டதைச் சபையில் சொல்வார்கள், பத்திரிகைக்காரர்கள் வருவார்கள், இரண்டு வக்கீல்கள் அமெரிக்க அரசாங்கத்துக்கு அனுப்புவார்கள். வெய்ன் அதில் பேச வேண்டும் என்றாள். அவன் மாட்டேன் என்றான். கனடாவில் இருக்க அனுமதி இன்னும் கைக்கு வரவில்லை. பத்திரிகையில் பெயர் வந்தால் வெர்மான்ட்டில் அப்பா தலைநிமிர்ந்து நடக்க முடியாது என்றான். அவள் திட்டவும் இல்லை, கெஞ்சவும் இல்லை. ஆஸ்பத்திரியில் அவன் கட்டிலைத் தள்ளிக்கொண்டு எதிரே வரும்போதெல்லாம், "யோசிச்சியா?" என்று கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை அவன் தட்டில் முன்போலவே சோறு போட்டாள்.

எனக்கே பொறுக்கவில்லை. "பாவம்டி அந்தப் பையன். சுட்டது வேற எவனோ. இவனைப் போட்டு ஏன் இந்தப் பாடு படுத்தறே?"

"அக்கா, சுட்டது இவன்தான்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"அவன் எப்போ சொன்னான்?"

"சொல்லல. எவனோ சுட்டதுக்கு ஒருத்தன் ரெண்டு நாளு காவல விட்டுட்டுப் போயி மாடு கறக்கமாட்டான்க்கா. மாட்டுக்காரன் வூட்டுப் பொண்ணு நானு. அன்னிக்கு வாசப்படியில நின்னப்பவே தெரிஞ்சிடுச்சி."

"தெரிஞ்சுமா சோறு போடறே?"

"போடாட்டி ஓடிப்போயிடுவான். ஓடிப் பழகுனவன். நான் சொல்லி என்னா ஆவும்? அவன் வாயால, நாலு பேரு எழுதிக்கற எடத்துல வரணும்." கொஞ்சம் நிறுத்தி, "சில நாளு கரண்டிய அவன் மூஞ்சியில வீசணும்போலத்தான் இருக்கு" என்றாள்.

கூட்டத்துக்கு முந்தின நாள் அவன் வருகிறேன் என்றான். என்ன சொல்லப்போகிறான் என்று அவள் கேட்கவில்லை.

ரகுநாதன்தான் எங்களைக் காரில் கூட்டிக்கொண்டு போனார். அலுவலகத்துக்குப் போட்டுக்கொண்டு போகிற டையைக் கட்டியிருந்தார். வாசலில் ஒருவன் படம் எடுத்துக்கொண்டிருந்தான். அவர் முகத்தை மறைத்துக்கொள்வார் என்று பார்த்தேன். மறைக்கவில்லை. கேட்டவனிடம், "செத்தவர் என் மச்சினர். சைகோன்ல பால்காரர்" என்றார் ஆங்கிலத்தில், கொஞ்சம் உரக்கவே.

கூடத்தில் மடக்கு நாற்காலிகள். ஈரக் கோட்டு வாசனை. நாங்கள் முன்வரிசையில் உட்கார்ந்தோம். வெய்ன் நாலாவதாக மேடை ஏறினான். யாரோ இரவல் கொடுத்த சட்டை, கழுத்துக்குப் பெரிதாக இருந்தது. பெயர் சொன்னான், ஊர் சொன்னான். வாய்க்காலைச் சொன்னான், சுவரைச் சொன்னான். விடியக்காலை, வெள்ளை வேட்டி, வாளி.

"உத்தரவு வந்தது. ஒரு சிப்பாய் சுட்டான்."

கமலினி அசையவில்லை. மடியில் கைகளைக் கோத்துக்கொண்டு அவன் முகத்தையே பார்த்தாள். நான் முணுமுணுவென்று எந்தச் சாமியையோ கூப்பிட்டேன். அவன் மாடுகளைப் பற்றித் தொடங்கினான், பாதியில் நின்றான். தண்ணீர் குடித்தான். பத்திரிகைக்காரர்கள் பென்சிலை நிறுத்தி அண்ணாந்து பார்த்தார்கள். பிறகு,

"அந்தச் சிப்பாய் நான்தான்" என்றான். "அவர் பெயர் நாகசுப்பிரமணியன். அவர் யாருக்கும் எதிரி இல்லை. மாடு கறக்க வந்தார். நான் சுட்டேன்."

பெயரை முழுசாகச் சொன்னான். எத்தனை தடவை தனியாகச் சொல்லிப் பழகினானோ. ரகுநாதன் தேம்பிவிட்டார். எனக்கும் கண்ணை மறைத்தது.

வெய்ன் படியிறங்கி நேரே எங்களிடம் வந்தான். கமலினி முன்னால் அப்படியே தரையில் மண்டியிட்டுவிட்டான். தோள் குலுங்க அழுதான். பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரப் பெண்கள் கைக்குட்டையை எடுத்தார்கள். ஒரு படக்காரன் ஓடிவந்தான். அவள் அவன் தலையில் கை வைப்பாள் என்று சபை முழுக்கக் காத்திருந்தது. நானும்தான்.

கமலினி குனிந்து அவன் முழங்கையைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினாள்.

"உத்தரவு போட்டவன் பேரச் சொல்லாம எறங்கிட்டியே" என்றாள். "போ. மறுபடி ஏறு."

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பி மேடைக்கு நடந்தான்.